பெறுபவர் ஒருவர், உரியவர் வேறொருவர்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் சொத்து பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் ‘நாமினி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை’ என்பதைப் போல உறுதியானதும் இல்லை, அதைப் போல உடன்பிறந்தாரைப் பிரித்ததும் வேறில்லை. வங்கிப் படிவத்தின் அடியில் இருக்கும் சிறிய கட்டத்தில் மனைவியின் பெயரையோ மூத்த மகனின் பெயரையோ எழுதிக் கையெழுத்திட்டவர், தம் காலத்துக்குப் பின் அந்தப் பணம் அவருக்கே உரியதாகிவிடும் என்று எண்ணிக்கொள்கிறார். பெயர் எழுதப்பட்டவரும் அவ்வாறே எண்ணுகிறார். பெயர் எழுதப்படாதவர்களும்கூட அவ்வாறே எண்ணிக்கொண்டு, பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மனத்துக்குள் புழுங்கிவிட்டு, பதினேழாம் நாள் வாய் திறக்கிறார்கள். சட்டம் மட்டும் அப்படி எண்ணுவதில்லை.

நியமனம் என்பது, ஒரு நிறுவனத்தில் பணம் வைத்திருப்பவர், தம் இறப்புக்குப் பின் அந்நிறுவனம் யாரிடம் பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே தரும் அனுமதியாகும். நியமிக்கப்பட்டவரைப் படிவங்கள் நியமனதாரர் என்றும் ஊர் வழக்கு நாமினி என்றும் அழைக்கின்றன. இந்த ஏற்பாட்டால் முதலில் நிம்மதி அடைவது வங்கிதான். வாரிசுகள் எத்தனை பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டா, ஊரறியாத இரண்டாம் குடும்பம் ஏதேனும் உண்டா என்ற ஆராய்ச்சிகளில் இறங்காமல், இறப்புச் சான்றிதழையும் நியமனதாரரின் அடையாளச் சான்றையும் பார்த்துவிட்டுத் தொகையைக் கொடுத்துவிட்டால் அதன் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வங்கிக் கவுன்ட்டரில் எழுவதே இல்லை; பெற்றுக்கொண்ட நியமனதாரர், உயிலின்படியோ வாரிசுரிமைச் சட்டத்தின்படியோ உரியவர்களுக்காக அதை வைத்திருக்கும் பொறுப்பாளராகவே கருதப்படுகிறார்.

இது வழக்கறிஞர்கள் கிளப்பிவிட்ட புதிய விளக்கம் என்று சிலர் ஐயுறுவதுண்டு. 1983 டிசம்பரில் சர்பதி தேவி வழக்கில் ஆயுள் காப்பீட்டுத் தொகை குறித்தும், 2010இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில் வங்கி வைப்பு குறித்தும், 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் நிறுவனப் பங்குகள் குறித்தும் உச்ச நீதிமன்றம் ஒரே விடையைத்தான் சொன்னது: நியமனம் வாரிசுரிமையின் வரிசையை மாற்றுவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்ததே, கேட்பவர்களின் காது எவ்வளவு மந்தம் என்பதற்குச் சான்று. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நியமிக்கலாம். வைப்புத் தொகையாயின் இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்றோ, ஒருவருக்குப் பின் ஒருவர் என்றோ எழுதலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறை மட்டுமே உண்டு. வசதியான திருத்தம்தான். (முன்பு ஒருவர் மட்டும் தம்மை உரிமையாளர் என்று தவறாக எண்ணிக்கொண்டிருந்தார், இனி நான்கு பேர் எண்ணிக்கொள்ளலாம்.)

விதிவிலக்குகள் இல்லாமலும் இல்லை. காப்பீட்டுச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நியமிக்கப்பட்டிருந்தால் அவர்களே அத்தொகையின் பயனுக்கு உரியவர்கள் என்று கூறுகிறது. ஆயினும் இத்திருத்தம் வாரிசுரிமைச் சட்டத்தையே மீறி நிற்குமா என்ற கேள்வி உயர் நீதிமன்றங்களில் வாதிக்கப்பட்டே வருகிறது. ஐயத்துக்கு இடமில்லாத ஏற்பாடு ஒன்று பழைய சட்டமொன்றில் கிடக்கிறது. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், மனைவி மக்களின் நலனுக்காக என்று குறிப்பிட்டு ஒருவர் ஆயுள் காப்பீடு எடுத்தால், அத்தொகை அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும். கடன் கொடுத்தவர்களும் பிற வாரிசுகளும் அதில் கைவைக்க முடியாது. இந்துக்களைப் பொறுத்தவரை இந்தப் பாதுகாப்பு சென்னை மாகாணத்தில் 1913ஆம் ஆண்டு இறுதிக்குப் பின் எடுக்கப்பட்ட காப்பீடுகளுக்கும், பிற பகுதிகளில் 1923 ஏப்ரலுக்குப் பின் எடுக்கப்பட்டவற்றுக்கும் பொருந்தும். பத்தாண்டு முந்திக்கொண்ட மாகாணத்தின் பேரப்பிள்ளைகளுள் இதைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே என்பது வேறு கதை.

வருங்கால வைப்பு நிதியில் வேறொரு கண்ணி இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், மணமாகாத இளைஞர் தம் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக் கொடுக்கிறார். அத்திட்டத்தின் விதிகளின்படி, குடும்பம் இல்லாத நிலையில் செய்யப்பட்ட நியமனம், அவருக்குத் திருமணமாகிக் குடும்பம் உண்டானதும் செல்லாததாகிவிடுகிறது. புதிதாக நியமிக்க வேண்டும், அதுவும் குடும்பத்தினருள் ஒருவரையே நியமிக்க வேண்டும். திருமண அழைப்பிதழில் யார் பெயர் எந்த வரியில் வர வேண்டும் என்று மூன்று மாதம் ஆலோசிக்கும் குடும்பங்கள், இந்த ஒரு படிவத்தை இருபது ஆண்டுகள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் உண்மையில் உரியவர் யார்? இங்கேதான் பெரும்பாலானோர் திடுக்கிடும் இடம் வருகிறது. உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் தனிச்சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் எனப்படும் நெருங்கிய உறவினர்களுக்கு ஒரே நேரத்தில் சேர்கிறது. அவர்களுள் முக்கியமானோர் மகன், மகள், மனைவி, தாய். இந்த நால்வகையினருக்கும் தலைக்கு ஒரு சம பங்கு. தந்தை அந்தப் பட்டியலில் இல்லை. அவர் இரண்டாம் வகுப்பில் இருக்கிறார், முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் அவருக்கு ஒன்றும் வராது. ‘மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தானே போகும், அதற்கு உயில் எதற்கு’ என்று கேட்பவர்களுள் பலர், தம் தாயும் சம பங்காளி என்பதை அறியாமலேயே கேட்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, மதுரையில் சொந்தச் சம்பாத்தியத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கிய ஒருவர் நாற்பத்தைந்து வயதில் உயிலின்றி இறக்கிறார் என்றும், அவருக்கு மனைவி, பள்ளியில் படிக்கும் ஒரு மகன், ஒரு மகள், கிராமத்தில் பெற்றோர், மணமாகித் தனித்தனியே வாழும் ஒரு தம்பி, ஒரு தங்கை இருக்கிறார்கள் என்றும் கொள்ளலாம். அவர் மூச்சு நின்ற அந்தக் கணத்திலேயே வீடு நான்காகப் பிரிகிறது: மனைவிக்குக் கால், மகனுக்குக் கால், மகளுக்குக் கால், தாய்க்குக் கால். வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போகலாம் என்று மனைவி முடிவெடுத்தால், மாமியாரின் கையெழுத்து வேண்டும். அதோடு, பிள்ளைகள் இருவரும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்பதால், அவர்களுடைய பங்கை விற்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும், ஏனெனில் இளவரின் அசையாச் சொத்தை இயற்கைக் காப்பாளரான தாயே ஆனாலும் தம் விருப்பப்படி விற்க 1956ஆம் ஆண்டின் இந்து இளமை மற்றும் காப்பாளர் சட்டம் இடந்தருவதில்லை. அனுமதியின்றி விற்றால், மகன் வயதுக்கு வந்த பின் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம் என்பதால், விவரமறிந்த எவரும் வாங்க முன்வரமாட்டார்.

கதை இத்துடன் முடிவதில்லை. சில ஆண்டுகளில் அந்தத் தாயும் உயிலின்றி இறந்தால், அவருடைய கால் பங்கு பெண்ணின் சொத்துக்குரிய தனி வரிசையில் இறங்குகிறது. அதாவது அவருடைய கணவர், உயிருடன் உள்ள மகன், மகள், முன்பே இறந்த மகனின் பிள்ளைகள் ஆகியோருக்குச் சேர்கிறது. மகன் இறந்தபோது ஒரு செங்கல்லுக்கும் உரியவராகாத தந்தை இப்போது வீட்டில் பதினாறில் ஒரு பங்குக்கு உரியவராகிறார். தம்பிக்கும் தங்கைக்கும் தலைக்குப் பதினாறில் ஒன்று. இறந்தவரின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பதினாறில் ஒன்று, அதாவது தலைக்கு முப்பத்திரண்டில் ஒன்று கூடுகிறது. மருமகளுக்கு மாமியார் பங்கிலிருந்து எதுவும் வருவதில்லை. ஆக, இருவர் சேர்ந்து தவணை கட்டிய வீட்டில் மனைவிக்கு முப்பத்திரண்டில் எட்டு, பிள்ளைகளுக்கு ஒன்பது ஒன்பது, மாமனார், கொழுந்தன், நாத்தனார் ஆகியோருக்கு இரண்டிரண்டு என்று கணக்கு வந்து நிற்கிறது. (கொழுந்தன் வெளிநாட்டில் இருந்தால், அந்த இரண்டு பங்கின் கையெழுத்துக்காகத் தூதரகம்வரை காகிதம் போய்வர வேண்டியிருக்கும்.) இதில் யாரும் தீயவரல்லர், யாரும் பேராசை கொண்டவரல்லர், ஒரு தாளில் நான்கு வரி எழுதப்படாததால், நல்லவர்கள் ஆறு பேர் ஒரே சமையலறைக்குப் பங்காளிகளாகிறார்கள்.

தாய்க்குப் பங்கு தரும் விதி அநியாயம் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறாகும். மகனையே நம்பி முதுமையைக் கழிக்கும் தாயைத் தெருவில் விடாமல் காப்பதற்காகவே அந்த விதி எழுதப்பட்டது. வயலோ வீடோ குடும்பத்தின் ஒரே இருப்பாக இருந்த காலத்தில் அது பெரும் பாதுகாப்பாகவும் இருந்தது. சட்டம் எல்லாருக்கும் பொதுவான ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து விதி எழுதுகிறது. தம் குடும்பம் அந்தக் கற்பனையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதைக் கவனித்து உயிலில் எழுதுவது தனிமனிதரின் வேலை.

ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று வீடுகளில் இதே போன்ற இறப்பு நேர்ந்தாலும் கணக்கு மூன்று விதமாக அமையும். கிறித்தவக் குடும்பமாயின் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டும் போகும். பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு எதுவும் இல்லை. சன்னி முஸ்லிம் குடும்பமாயின் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு ஆறில் ஒன்று போக, எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் சேரும். உயில் எழுதினாலும், பிற வாரிசுகளின் சம்மதம் இன்றி, இறுதிச் சடங்குச் செலவும் கடனும் போக எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது செல்லாது. ஆகவே அண்டை வீட்டில் நடந்ததைக் கேட்டுத் தம் வீட்டுச் சொத்தைக் கணிப்பது ஆபத்தான பழக்கம்.

பெண்களின் சொத்து விஷயத்தில் இந்துச் சட்டத்தின் கோணல் இன்னும் கூர்மையானது. பிள்ளைகளோ கணவனோ இல்லாமல், உயிலும் எழுதாமல் ஒரு பெண் இறந்தால், அவர் தாமே சம்பாதித்த சொத்து முதலில் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. அவரைப் பெற்று வளர்த்த தாய் தந்தையர் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள். பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓம் பிரகாஷ் வழக்கில், மணமான சில மாதங்களிலேயே விதவையாகி, கணவன் வீட்டால் வெளியேற்றப்பட்டு, பிறந்த வீட்டின் உதவியால் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவரை வெளியேற்றிய கணவன் குடும்பத்துக்கே சென்றது. இரக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்தும், சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது இரக்கத்துக்கு இடமில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். தனித்து வாழ்ந்து சம்பாதிக்கும் பெண்கள் பெருகிவிட்ட நாட்களில் இந்த விதியை மாற்றாமல் வைத்திருப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் இல்லை. அது மாறும்வரை உயில் ஒன்றே அவர்களுக்கு வழி.

இனிக் காகிதங்களின் கதை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். மருத்துவமனையில் நேர்ந்த இறப்பை மருத்துவமனையே தெரிவித்துவிடும், வீட்டில் நேர்ந்ததைக் குடும்பத்தார் தெரிவிக்க வேண்டும், ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் ஆணை தேவைப்படும். இதில் நாள் கணக்கைவிடப் பெயர்க் கணக்குதான் குடும்பங்களை வதைக்கிறது. தமிழரின் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து, ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒவ்வொரு விதமாக அவதாரம் எடுக்கிறது: பட்டாவில் ‘சு. இராமசாமி’, வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். ராமசாமி’, ஆதாரில் ‘ராமசாமி சுப்பையா’, ஓய்வூதிய ஆணையில் ‘சுப்பையா ராமசாமி’, ரேஷன் அட்டையில் வெறும் ‘ராமசாமி’. உயிருடன் இருந்தவரை இந்த ஐவரும் ஒருவரே என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இறந்த மறுநாளே ஐவரும் வெவ்வேறு ஆட்களாகிவிடுகிறார்கள், அவர்களை மீண்டும் ஒருவராக்கப் பிரமாணப் பத்திரமும் சான்றும் தேடி விதவை அலைய வேண்டியிருக்கிறது. இறப்புச் சான்றிதழுக்கான விவரத்தை மயானத்துக்குப் போகும் அவசரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சொல்லி எழுதவைக்கும் பழக்கம் இந்தத் துன்பத்தின் ஊற்றுக்கண். ஆதாரில் உள்ளபடி ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் வழங்கும் இச்சான்றிதழ், இறந்தவரின் வாரிசுகள் இன்னார் என்று அடையாளம் காட்டுகிறது. சொத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை, உரிமைப் பத்திரமாகவும் ஆவதில்லை. இறந்தவருக்கு வரவேண்டிய கடன்களையும் பத்திர முதலீடுகளையும் பெறுவதற்கு, நியமனம் இல்லாதபோதும் தகராறு இருக்கும்போதும், நீதிமன்றம் வழங்கும் இறங்குரிமைச் சான்றிதழைக் கேட்பார்கள். அது வேறு, இது வேறு. இரண்டின் பெயரையும் கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவரே குழப்பிச் சொல்வதும் நடக்கிறது. பட்டா மாறுதலும் இதே போன்றதுதான்: வரி யார் கட்டுவது என்பதை வருவாய்த் துறை அறிந்துகொள்ளும் பதிவு அது, மூத்தவர் பெயருக்குப் பட்டா மாறிவிட்டதால் இளையவரின் பங்கு மறைந்துவிடுவதில்லை. நியமனம், வாரிசுச் சான்றிதழ், பட்டா ஆகிய மூன்றும் தத்தம் அலுவலகத்தின் கேள்விக்கு மட்டும் விடை சொல்கின்றன; குடும்பமோ அவற்றைத் தன் கேள்விக்கு விடையாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறது.

வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் மணமான மகள்களின் பெயரை விட்டுவிடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ‘நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாயிற்று’ என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். சீர் பங்குக்கு ஈடாகும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. பூர்வீகச் சொத்தில், அதாவது பிறப்பாலேயே உரிமை உண்டாகும் கூட்டுக் குடும்பச் சொத்தில், மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலே, அந்நாளில் மணமாகாதிருந்த பெண்களுக்கு, விதி செய்தது. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் மணமானவர்களையும் சேர்த்துக்கொண்டது. தந்தை அந்த நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பது தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. தங்கைகள் மனமுவந்து பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்கு விடுதலைப் பத்திரம் என்ற பதிவு முறை இருக்கிறது. கருமாதிச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைத் தட்டோடு நீட்டப்படும் வெற்றுத் தாளில் வாங்கும் கையெழுத்தை விடுதலைப் பத்திரம் என்று சொல்ல முடியாது.

கடன் பற்றி மக்களிடம் நேர்மாறான அச்சம் இருக்கிறது. இறந்தவர் விட்டுச்சென்ற கடனுக்கு, அவரிடமிருந்து வந்த சொத்தின் மதிப்பு அளவுக்கே வாரிசு பொறுப்பாளி. தம் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கடமை, தாமே ஜாமீன் கையெழுத்தோ கூட்டுக் கையெழுத்தோ போட்டிருந்தாலன்றி, அவருக்கு இல்லை. தந்தையின் கடனை மகன் அடைத்தே தீர வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை 2005ஆம் ஆண்டின் திருத்தம் புதிய கடன்களைப் பொறுத்தவரை நீக்கிவிட்டது. ஆயினும் தனிநபர் கடன் வசூலிப்போர் தொலைபேசியில் அதட்டும் தொனியைக் கேட்டு, கல்லூரி மாணவர்கள் புதிய கடன் வாங்கி அப்பாவின் பழைய கடனை அடைப்பது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மேலைநாட்டு நூல்களில் சொத்துத் திட்டமிடல் என்ற பேச்சின் பெரும்பகுதி மரண வரியைக் குறைப்பது பற்றியே அமைந்திருக்கும். இந்தியாவிலும் 1953 முதல் அப்படி ஒரு வரி இருந்தது, அதன் உச்ச விகிதம் 85 விழுக்காடுவரை உயர்ந்தது. வசூல் சொற்பம், நிர்வாகச் செலவும் தொல்லையும் மிகுதி என்று சொல்லி 1985இல் வி. பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது அது நீக்கப்பட்டது. ஆகவே இங்கே மரபுரிமையாகப் பெறும் சொத்துக்கு வரி இல்லை. இறந்தவர் இறந்த நாள்வரை ஈட்டிய வருமானத்துக்கான கணக்கை அவருடைய சட்டப் பிரதிநிதி தாக்கல் செய்ய வேண்டும் என்ற கடமை மட்டும் உண்டு. வரித் தொல்லை இல்லாத நாட்டில் திட்டமிடல் என்பது பெரும்பாலும் ஓர் உயிலில் அடங்கிவிடக்கூடிய காரியமே.

அந்த உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவு கட்டாயமில்லை, வழக்கறிஞர் எழுதித்தர வேண்டும் என்றும் இல்லை. இந்துக்களும் கிறித்தவர்களும் எழுதும் உயில், எழுதியவரின் கையெழுத்தோடு, அவர் கையெழுத்திட்டதைப் பார்த்த அல்லது அது தம் கையெழுத்தே என்று அவர் வாயால் கேட்ட குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தையும் தாங்கியிருக்க வேண்டும். சாட்சிகள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. பின்னாளில் உயிலை மெய்ப்பிக்க, உயிருடன் இருக்கும் சாட்சிகளுள் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்பதால், எழுதுபவரைவிட வயதில் மூத்த நண்பர்களைச் சாட்சியாக்குவது (மரியாதைக்காக அப்படித்தான் செய்கிறார்கள்) அவ்வளவு புத்திசாலித்தனமன்று. சொத்தில் பெரும்பகுதியைப் பெறப்போகும் மகனே முன்னின்று உயிலைத் தயாரித்து, படுக்கையில் இருப்பவரிடம் கைநாட்டு வாங்கினால், நீதிமன்றங்கள் அதைச் சந்தேகச் சூழ்நிலை என்று கொள்ளும். 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, அந்தச் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவர் மீதே விழும். சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு, உயர் நீதிமன்றத்தில் புரோபேட் என்னும் மெய்ப்பாணை பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் நெடுங்காலம் இருந்தது. அதற்கு அடிப்படையான பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது.

உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடுவது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள மாற்று வழி. வாரிசுச் சண்டையைத் தவிர்க்கும் என்பது உண்மை. ஆனால் உயில் எழுதியவர் மறுநாள் மனம் மாறினால் வேறு உயில் எழுதலாம், செட்டில்மென்ட் பதிவான கணமே சொத்து கைமாறிவிடுகிறது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது என்றாலும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்பதைக் காட்ட வேண்டியிருப்பதால், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவது நல்லது. பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை போடுவதா என்று கூசுபவர்கள், வாழ்நாள்வரை அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையையாவது தமக்கென்று எழுதி வைத்துக்கொள்ளலாம். பத்திர எழுத்தர்கள் அதற்கான வாசகத்தை மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள்.

உயிலை எங்கே வைப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது. அதை எழுதியவர் தம் பெயரிலுள்ள வங்கிப் பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டால், பெட்டகத்தைத் திறப்பதற்குரியவர் யார் என்று சொல்லும் தாள் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும். பதிவுச் சட்டம் இதற்கு ஒரு பழைய வழியைத் தருகிறது: உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம், அவர் அதைத் தீப்பிடிக்காத பெட்டியில் வைத்துக் காப்பார், எழுதியவர் விரும்பினால் திரும்பப் பெறலாம், அவர் இறந்த பின் எவரேனும் விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவரின் முன்னிலையிலேயே உறையைப் பிரித்து, அவர் செலவில் பதிவேட்டில் படியெடுத்துவிட்டு, மூல உயிலை மீண்டும் தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்வார். விண்ணப்பம் வராதவரை பதிவாளராகத் தேடிக்கொண்டு வரமாட்டார் என்பதால், உறை அங்கே இருக்கிறது என்பதையும் அதன் ரசீது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதையும் வீட்டில் இருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.